இரண்டாவது வாயில்



நம் சிற்றூர் வீடுகளில் தலைவாசல் ஒன்றும் கொல்லைவாசல் ஒன்றும் உண்டு. விருந்தினர் தலைவாசல் வழியே வருவர். விறகும் வைக்கோலும் கொல்லைப்புறமாக வரும். இரண்டிற்கும் ஒரே வாசலை வைத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை மேல்மலையனூரில் ஒரு கிணற்றடியில் நான் கற்றுக்கொண்டேன். எனக்கு அதைக் கற்பித்தது உள்ளங்கையளவே உள்ள ஒரு கணிப்பொறிப் பலகை.

அமாவாசை இரவுகளில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவம் காண மக்கள் வெள்ளமெனத் திரளும் ஊர் அது. அங்கே உறவினர் ஒருவரின் கிணற்றில் நீர்மட்டம் நாள்தோறும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று குறித்துவைக்க விரும்பினேன். ஒலியலையை நீரின்மேல் செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு ஆழத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்தினேன். அக்கருவி தன் அளவைகளை ஒரே கம்பியில், துடிப்பின்பின் துடிப்பாக, எழுத்தெழுத்தாக அனுப்பும். அவற்றை வாங்கிக்கொள்ளும் இடத்திற்கே சீரியல் போர்ட் என்று பெயர். தொடர்வாயில் என்று நாம் சொல்லலாம்.

நான் எடுத்துக்கொண்ட பலகை 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக். அதன் சில்லில் இத்தகைய தொடர்வாயில்கள் ஆறு உள்ளன. 0 என்று எண்ணிடப்பட்ட முதல் வாயில், பலகையோடு மனிதன் உரையாடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது, அதுவே தலைவாசல். கையருகே இருந்தமையால் கிணற்றுக் கருவியை நான் அதிலேயே இணைத்துவிட்டேன். ஒரு வாரம் எல்லாம் செவ்வனே நடந்தது. பிறகு ஒருநாள் மின்சாரம் நின்று மீண்டது. பலகை எழும்போது, தலைவாசலில் யாரேனும் கட்டளையிடுகிறார்களா என்று சில விநாடிகள் காத்திருக்கும். கருவியோ ஓயாமல் எழுத்துகளை அனுப்பிக்கொண்டிருந்தது. பாவம், பலகை அவற்றை எசமானனின் கட்டளை என்று எண்ணி, மேலே செல்லாமல் நின்றுவிட்டது. ஒன்பது நாட்கள் கழித்தே அதனைக் கண்டேன். அந்த ஒன்பது நாட்களில்தான் நல்ல மழை பெய்திருந்தது. கிணறு எப்படி நிரம்பியது என்ற கணக்கு என்றென்றைக்கும் போயிற்று. பிழை என்னுடையதே. கருவிக்குத் தனி வாயில் வேண்டும் என்று அப்போதுதான் தெளிந்தேன்.

இப்பலகையில் கியூஎன்எக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவியிருந்தேன். 1980-இல் கனடாவில் டான் டாட்ஜ், கார்டன் பெல் என்னும் இருவர் தொடங்கிய முயற்சியின் விளைவு அது. அதன் நடுநாயகம் மைக்ரோகெர்னல், அதாவது நுண்கரு. வழக்கமான பெருங்கருவில், சாதனங்களை நடத்தும் டிரைவர்களும் கோப்புகளைப் பேணும் நிரல்களும் கருவின் உள்ளேயே குடியிருக்கும். நுண்கருவோ அஞ்சற்காரரைப் போன்றது. யாருக்கு எப்போது முறை என்று வகுப்பதும், ஒருவர் செய்தியை மற்றவரிடம் சேர்ப்பதுமே அதன் தலையாய வேலை. டிரைவர்கள் எல்லாம் தத்தம் வீட்டில் வாழும் தனித்தனி நிரல்கள். எனவே புதிய வாயிலைத் திறக்கக் கருவைத் தொடவேண்டியதில்லை. முன்னமே உள்ள டிரைவரின் மற்றொரு படியைப் புதிய முகவரியோடு இயக்கினால் போதும்.

அதற்கு நான்கு செய்திகள் ஒத்துவரவேண்டும். முதலாவது, ஊசிமுனை. சில்லின் ஒரே கால் பல வேலைகளுக்கு உரியது. அதனைத் தொடர்வாயிலுக்கென ஒதுக்கவேண்டும். 1 என்று எண்ணிடப்பட்ட வாயிலுக்கு, பி-9 என்னும் செருகுவரிசையின் 24-ஆம் முனை அனுப்புவது. 26-ஆம் முனை பெறுவது. இரண்டாவது, கடிகாரத் துடிப்பு. மின்சாரத்தை மிச்சப்படுத்தும்பொருட்டு, பயன்படாத பகுதிகளுக்கு அத்துடிப்பு நிறுத்தப்பட்டிருக்கும், அதனைத் திறந்துவிடவேண்டும். மூன்றாவது, முகவரி, பதினாறன்மான எண்முறையில் அது 48022000. நான்காவது, எழுத்து வந்ததும் டிரைவரைத் தட்டி எழுப்பும் குறுக்கீட்டின் எண், அது 73.

வேகமும் பொருந்தவேண்டும். என் கருவி விநாடிக்கு 9600 துடிப்பிடங்களை அனுப்புவது. சில்லின் துடிப்போ விநாடிக்கு 4 கோடியே 80 லட்சம். அதனை 16-ஆலும் 9600-ஆலும் வகுத்தால் 312.5 வரும். அரை எண்ணுக்கு இடமில்லாமையால் 312 என்று கொள்கிறோம். அதனால் நேரும் பிழை ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு, எழுத்துகள் சிதையா.

மின்னழுத்தத்தையும் மறக்கலாகாது. 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 என்னும் முறைப்படி பேசும் கருவிகள், நேரும் எதிருமாகப் பல வோல்ட்டுகளில் பேசும். பலகையின் முனையோ 3.3 வோல்ட்டுக்குமேல் தாங்காது. நேரே இணைத்தால் சில்லு கருகும். இடையே அழுத்தத்தை மாற்றித்தரும் சிறு சில்லு ஒன்றை அமைத்தேன்.

இத்தனை செய்தும் முதல் முயற்சியில் தவறினேன். துடிப்பைத் திறந்துவிட மறந்துபோனேன். டிரைவர் அந்த முகவரியைத் தொட்ட கணமே விழுந்தது. ஆனால் நேயர்களே, விழுந்தது அது ஒன்றே! தலைவாசல் எனக்கு மறுமொழி தந்தது. பழைய அளவைகளைக் காக்கும் நிரல் தன் வேலையைத் தொடர்ந்தது. டிரைவர் கருவுக்குள்ளேயே இருந்திருந்தால் பலகை முழுவதும் சாய்ந்திருக்கக்கூடும். துடிப்பைத் திறந்தேன், டிரைவரை மீண்டும் இயக்கினேன், ஆழத்தைக் காட்டும் எண்கள் வரிசையாக வந்தன.

அதன்பின் மின்சாரம் பலமுறை நின்று மீண்டது. பலகை ஒவ்வொரு முறையும் தானே எழுந்து எண்ணத் தொடங்கியது. அடுத்த மழையின்போது கிணறு ஏறிய கணக்கு ஒருநாள்கூட விடுபடாமல் என் ஏட்டில் பதிந்தது.

மாணவர்களே, நீங்கள் அமைக்கும் எதற்கும் முதலில் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய வாயில் இருக்கிறதா? ஒன்று விழுந்தால் மற்றவை நிற்குமா? இவ்விரண்டிற்கும் விடை கண்டபிறகு கம்பியை எடுங்கள். தவறாத மனிதனும் இல்லை, பொறியும் இல்லை. ஒரு தவறு மற்றவற்றையும் வீழ்த்தாதபடி அமைப்பதே நம் கையில் உள்ளது.