வாயால் சொன்ன பதிலோடு திரும்பாதீர்கள்

(மண்டூரில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசத் தலைவர் இருக்கிறார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

காது கேட்காத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, நடக்கச் சிரமப்படுகிற பிள்ளை, மற்றவர்களைவிட மெதுவாகப் படிக்கிற பிள்ளை. மலையகத்திலும் இருக்கிறார்கள், 77 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டுக் கிழக்கே வந்த நம் உறவுகளின் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஐந்து வயதானதும் தாய் கூட்டிக்கொண்டு போகிறாள். “இந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்க இங்கே ஆளில்லை, வேறு இடம் பாருங்கள்” என்கிறார்கள். எந்த இடம்? அதை ஒருவரும் சொல்வதில்லை. அன்றைய பேரும் போய்விட்டது. எனக்குத் தெரிந்த ஒரு தாய் மூன்று தரம் போனார். மூன்று தரமும் வாயால்தான் பதில். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாமல் எந்தச் சட்டத்தரணியும் என்ன செய்ய முடியும்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அங்கவீனத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மீறினால் நாம் வசிக்கிற மாகாணத்தின் மேல் நீதிமன்றத்துக்கே போகலாம். 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பது 2016இல் வந்த விதி. விசேட தேவையுள்ள பிள்ளையும் இந்த நாட்டுப் பிள்ளைதானே!

எடுத்தவுடனே கோர்ட்டுக்குப் போகச் சொல்லவில்லை. முதலில் அதிபருக்குக் கடிதம் கொடுங்கள். பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகம். இங்கே உள்ளவர்களுக்குப் பட்டிருப்பு வலயம். கிளினிக் கொப்பியையும் டாக்டரின் கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். கூரை ஒழுகுகிற லயத்தில் அது லேசான வேலையில்லை என்று தெரியும். பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

திகதி ஏன் முக்கியம்? அரசாங்கப் பள்ளிக்கூடம் மறுத்தது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. முறையிடக் காசு வேண்டாம். 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், மட்டக்களப்பிலும் அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டை ஏற்றதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாமல் சட்டத்தரணியையும் பாருங்கள்.

சட்டத்தரணிக்குக் காசு? வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978இல் சட்ட உதவி ஆணைக்குழுவை அமைத்தார்கள். மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு. சம்பளச் சீட்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கொண்டுபோங்கள்.

இங்கிருந்து டவுனுக்குப் போகப் பாதை ஏறி, குருமன்வெளியில் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடும். தனியாகப் போகிற தாயை நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவது லேசு. ஆகவே கமிட்டியில் ஒருவர் கூடப் போக வேண்டும், அந்தச் செலவைச் சந்தாப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். தலைவர் முன்னாலேயே கேட்கிறேன்.

கிளினிக் கொப்பி கொண்டு வந்திருப்பவர்கள் கூட்டம் கலைந்த பிறகு கொஞ்சம் இருங்கள். கடிதத்தை இப்போதே எழுதிவிடலாம்.