கதை சொல்லும் கணினி விளையாட்டு



பிள்ளை கணினியின் முன் உட்கார்ந்தாலே நம்மில் பல பெற்றோருக்குக் கோபம் வருகிறது. ஆனால் எல்லா விளையாட்டும் சுடுவதும் துரத்துவதும் அல்ல. நல்ல நாவலைப் போலக் கதை சொல்பவையும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டைக் கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் தயாரித்தது. கதை 1988-இல் தொடங்குகிறது. கனடாவில் குடியேறிய வெண்பாவும் கணவர் பாவலனும் வருமானத்துக்கு அல்லாடுகிறார்கள். தாயாரின் சமையல் புத்தகமோ சிதைந்து கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டிலி அவிப்பதே ஆடுபவரின் வேலை. தட்டுகளைச் சரியாக அடுக்காவிட்டால் ஆவி ஏறாது. மகன் கவின் வளர வளரத் தமிழை விட்டு விலகுகிறான். பின்னர் அவனே அம்மாவின் குறிப்பைப் படிக்கத் திணறும்போது, ஆடுபவரும் சேர்ந்து திணறுகிறார். 2024-இல் சிறந்த முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

கடல் கடந்து வந்து பால்மரம் சீவிய பாட்டன் பூட்டன் கதை நமக்கும் உண்டு. பிள்ளைகள் நாவில் தமிழ் தங்குமா என்ற கவலையும் உண்டு.

ஆகவே, விளையாட்டு வாங்குமுன் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கதை யாரைப் பற்றியது? அவருக்கு என்ன துன்பம்? நீ செய்வதனால் அவர் வாழ்வில் என்ன மாறுகிறது? இவற்றுக்கு விடை இருந்தால் அது கதையுள்ள விளையாட்டு. இல்லையேல் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

வாங்கிய பிறகு அரை மணி நேரம் அருகில் உட்காருங்கள். இரவுச் சாப்பாட்டின்போது அந்தக் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.