கோழி எருவுக்குச் சூடு வேண்டும்



வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூண்டு, அதையடுத்து ஒரு கங்கோங் பாத்தி. பெம்பான், ஜாசின் வட்டாரத்தில் இது பழகிப்போன காட்சி. காலையில் கூண்டைக் கூட்டி, அள்ளியதை அப்படியே பாத்தியில் கொட்டிவிடுகிறோம். இலை கருகருவென்று தழைக்கிறது, நமக்கும் மகிழ்ச்சி. அந்த இலையோடு சமையற்கட்டுக்குள் வேறொன்றும் வருகிறது. அதைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கோழியின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி குடியிருக்கக்கூடும். டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயரால் வழங்கும் கிருமி இது. கோழிக்கு ஒரு நோயும் தெரியாது, கொழுகொழுவென்று மேயும். ஆனால் அதன் எச்சத்திலிருந்து கிருமி நம் வயிற்றுக்குள் போனால் காய்ச்சல், வயிற்றுக் கடுப்பு, பேதி. வாட்டசாட்டமான ஆள் சில நாள் படுத்து எழுந்துவிடுவார். கைக்குழந்தைக்கும் வயதான பாட்டிக்கும் அப்படியல்ல. உடம்பின் நீர் வற்றி உயிருக்கே ஆபத்தாகலாம்.

“கங்கோங்கை வதக்கித்தானே சாப்பிடுகிறோம்?” என்பீர்கள். நன்றாக வெந்தால் கிருமி சாகும், உண்மைதான். ஆனால் வெள்ளரிக்காயையும் புதினாவையும் பச்சையாகத் தின்கிறோமே! கீரை நறுக்கிய பலகையிலேயே வெங்காயமும் நறுக்குகிறோமே!

ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஐயா, மூலையில் குவித்து வைத்த பழைய எருதானே, கிருமி தானாகச் செத்திருக்காதா?” சாவதற்கு நாளாகும், அம்மா. ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அமெரிக்காவில் இயற்கை வேளாண்மைக்கென்று ஒரு விதி உண்டு. மண்ணில் படும் காய்கறிக்குப் பச்சை எரு போட்டால், அறுவடைக்கு 120 நாள் இருக்க வேண்டும். மண்ணில் படாததற்கு 90 நாள். நம் கங்கோங்கோ ஒரு மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். ஆகவே கீரைக்குப் பச்சைக் கோழி எரு ஆகவே ஆகாது. மக்க வைத்துத்தான் போட வேண்டும்.

மக்குவது என்றால் அழுகுவதல்ல, சூடேறுவது. குவியலுக்குள் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் எருவையும் சருகையும் தின்று பெருகும்போது வெப்பம் பிறக்கிறது. அது 55 டிகிரியைத் தாண்டி நிலைத்தால் சால்மோனெல்லா தாங்காது. ஊரில் நம் பாட்டன்மார் வெட்டிய குப்பைக்குழியில் இந்தச் சூடு வருவது அரிது. அங்கே காற்று போதாது. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து வகுத்த முறையில், குவியலைப் புரட்டிப் போடுவது முக்கியமான வேலை.

கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. தனியாகக் குவித்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடைதான் மிஞ்சும். அந்த வாடையோடு உரச்சத்தும் பறந்துவிடுகிறது. ஒரு வாளி எருவுக்கு இரண்டு மூன்று வாளி மரத்தூள், காய்ந்த லாலாங், சருகு என்று கலந்துகொள்ளுங்கள். மரத்தூள் வாங்கினால் மருந்தடித்த பலகையின் தூள் வேண்டாம். கலவையைக் கையுறை போட்டுப் பிழிந்து பாருங்கள். பிழிந்த துணிபோல ஈரம் இருக்க வேண்டும், நீர் வடியக்கூடாது.

குவியல் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் குறையக்கூடாது. சிறு குவியலின் சூடு காற்றோடு போய்விடும். பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் இவ்வளவு சேராது என்றால், நாலு வீடு சேர்ந்து ஒரு குவியல் போடலாமே! கிணற்றுக்கும் கால்வாய்க்கும் தள்ளி, மேட்டில் போடுங்கள். நம் ஊர் மழைக்குத் தகரமோ கித்தானோ மேலே மறைப்பாக இருக்கட்டும். பக்கங்களில் காற்று போக வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் சூடேறும். வெப்பமானி இல்லாவிட்டால் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகிக் கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் சரி. வெதுவெதுப்பாக இருந்தால் போதாது. ஈரமோ காற்றோ எருவோ குறைந்திருக்கும். வெளிப்புறம் எப்போதும் ஆறிக்கிடக்கும், கிருமி அங்கே பிழைத்திருக்கும். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை வெளியில் உள்ளது உள்ளே போகும்படி புரட்டுங்கள். சூடு குறையாமல் பதினைந்து நாளில் ஐந்து முறை புரட்டுவது மேலே சொன்ன அதே விதியில் உள்ள கணக்கு. தூசி கிளம்பினால் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வரவேண்டாம்.

பலர் தவறுவது இங்கேதான்: தினமும் கூட்டிய புது எச்சத்தை அதே குவியலின் தலையில் கொட்டுகிறார்கள். பதினாலு நாள் பட்ட பாடு வீண். புதியதை மூடியுள்ள வேறு தொட்டியில் சேர்த்து, அடுத்த குவியலுக்கு வையுங்கள்.

சூடு தணிந்தபின் ஒரு மாதமாவது ஆறப்போடுங்கள். மண்வாசனையோடு கறுத்து உதிர்ந்தால் பாத்திக்குப் போடலாம். அதுவரை குவியலைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். கோழி ஏறிக் கிளறி அங்கேயே எச்சமிட்டால் பழைய கதைதான். பச்சை எரு அள்ளிய மண்வெட்டியைக் கழுவாமல் மக்கிய எருவில் வைக்காதீர்கள். வேலை முடிந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.