பிள்ளைகளும் செய்தியாராய்ச்சியும்

(கும்பகோணத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கைப்பேசி வழியே வரும் செய்திகளுள் மெய்யெது பொய்யெது என்று ஆராயும் பழக்கத்தை நம் பிள்ளைகட்குக் கற்பித்தல் வேண்டும் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இஃது ஏதோ மேனாட்டிலிருந்து வந்த புதுப்பாடம் என்று சிலர் கருதுவர். இவ்வூரார் அங்ஙனம் கருதுதற்கு நியாயமில்லை.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1880 முதல் 1903 வரை நம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார்கள். இங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள் தூண்டச் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கி, 1887-இல் அதனைப் பதிப்பித்தார்கள். கையிற் கிடைத்த முதல் ஏட்டை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்களா? இல்லை. பல இடத்துப் பிரதிகளைத் தேடி வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, எழுதினோர் பிழை இது, மூலம் இது என்று பகுத்தார்கள். ஏட்டில் இருப்பதனாலேயே ஒரு பாடம் மெய்யாகிவிடாதெனின், கைப்பேசித் திரையில் தோன்றுவதற்கு மட்டும் அவ்விதி இல்லையோ?

ஆராயாமையால் விளைந்த கேடொன்றைச் சொல்கிறேன். 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் கூட்டம் வடநாட்டிலிருந்து வந்திருப்பதாக ஒரு வதந்தி வாட்ஸ்அப் வாயிலாக நம் வடமாவட்டங்களிற் பரவிற்று. மே மாதம் 9-ஆம் நாள், குலதெய்வ வழிபாட்டின்பொருட்டுச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை அடுத்த அத்திமூரருகே வழியில் நின்றனர். அவர்களுள் அறுபது வயது கடந்த ஒரு மூதாட்டியார் அங்கிருந்த சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவே. ஊரார் திரண்டு அடித்ததில் அவர் உயிர் துறந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். நம்மில் குலதெய்வத்திற்குப் போகாதார் யார்? வழியில் எதிர்ப்படும் குழந்தைக்கு மிட்டாய் கொடாத பாட்டி யார்?

அந்நாட்களில் இந்தியாவெங்கும் உலவிய படமொன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் நின்ற சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர். அது கராச்சி நகரில், பிள்ளைகளைக் கவனமாகப் பாதுகாக்குமாறு பெற்றோரை எச்சரிக்கும்பொருட்டு நடித்து எடுக்கப்பட்டது. முழுப் படத்தின் இறுதியில் அவ்விருவரே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தையும் காட்டுகின்றனர். அப்பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். கடைசி ஓலையில்லாத ஏட்டைக் கண்டால், "மிகுதி எங்கே?" என்று கேட்க நாம் மாணவனுக்குக் கற்பிக்கிறோம். படத்தைப் பார்த்து அவ்வாறு கேட்க யார் கற்பித்தோம்?

கேரளத்துக் கண்ணூரில் அவ்வாண்டே மாவட்ட ஆட்சியர் மீர் முகம்மது அலி அவர்கள், 'சத்யமேவ ஜயதே' என்னும் பெயரால் சுமார் 150 அரசினர் பள்ளிகளில் இப்பயிற்சியைத் தொடங்கினார். தடுப்பூசியைப் பற்றிய பொய்ச் செய்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தம் மக்கட்கு ஊசி போட மறுத்ததே அவரைத் தூண்டிற்று. பெற்றோரைப் பிள்ளைகள் வாயிலாகத் திருத்தலாம் எனக் கண்டது அவர் கூர்மை.

என் வகுப்பில் ஒரே நிகழ்ச்சியை இரண்டு பத்திரிகைகள் எழுதியவாற்றை அருகருகே வைத்துப் படிக்கச் செய்கிறேன். எழுதியவர் யார், படம் எப்பொழுது எடுத்தது, வேறெங்கேனும் வந்துளதா என்றெல்லாம் பிள்ளைகள் விரைவிற் கேட்கப் பழகிவிடுகின்றனர். இயந்திரமே முகத்தையும் குரலையும் படைக்கும் இக்காலத்தில், படத்தை உற்று நோக்கினால் மட்டும் போதாது; அதன் பிறப்பிடத்தை வினவுதல் வேண்டும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ஒரு சிறுமி என்னிடம், "ஐயா, எங்கள் பெரியப்பா அனுப்பியதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வது?" என்றாள். இதற்கு விடை பள்ளியில் இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கிறது. "பெரியப்பா, இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று பணிவோடு வினவும் குழந்தையை 'அதிகப்பிரசங்கி' என்று நாம் அதட்டுதல் ஆகாது.

இன்னொன்று, கசப்பாயினும் சொல்லிவிடுகிறேன். நம் குலத்தைப் புகழ்ந்து ஒரு செய்தி வந்தால் ஆராயாது ஏற்கிறோம். பிற குலத்தாரைப் பழித்து வந்தால் அதனினும் விரைந்து அனுப்புகிறோம். நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவே இதற்குச் சான்று. (செயலாளர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.) 2018 ஜூலையில் அந்நிறுவனத்தார், வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்கட்கு மேல் அனுப்பவொட்டாமல் இந்தியாவில் வரம்பு கட்டினர். நம் மனத்திலுள்ள காழ்ப்பிற்கு அவர்கள் வரம்பு கட்ட இயலுமா? அதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கின்றனர்.

ஆகவே, மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறாம் வகுப்பு முதலாகப் படிக்கும் பிள்ளைகட்கு இக்கட்டடத்தில் ஒரு மணி நேரம் இப்பயிற்சியை நடத்த இசைகிறேன். சம்பளம் வேண்டா. அந்த வாரத்தில் தம் வீட்டிற்கு வந்த செய்தியொன்றை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வரட்டும். பெற்றோரும் உடன் வந்து பின்வரிசையில் அமரலாம்.