அப்பாயியும் முந்திரிக்காயும்

இன்னிக்கு எபிசோடு, நான் சொதப்பின ஒரு ரெக்கார்டிங் பத்தி.

எங்க அப்பாயிக்கு 78 வயசு. திருச்சி காட்டூர்ல இருக்காங்க. கொஞ்ச நாளா மறதி அதிகமாயிட்டு வருது. அவங்க சின்ன வயசு விளையாட்டுப் பாட்டையெல்லாம் சீக்கிரம் பதிவு பண்ணிடணும்னு மைக்கோட போனேன். தஞ்சாவூர் ரோடு ஹாரன் கேக்கக் கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தியாச்சு. "கொலை கொலையா முந்திரிக்கா பாடுங்க அப்பாயி"ன்னேன். முதல் வரி வந்துச்சு, அடுத்தது வரலை. மூணு தடவை கேட்டேன். "மறந்து போச்சுப்பா, விடு"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ரொம்ப சங்கடமாயிடுச்சு.

சாயந்தரம் மொட்டை மாடியில அக்கா பொண்ணு, பக்கத்து வீட்டுப் பசங்கன்னு ஏழு பேர் வட்டமா உட்கார்ந்தாங்க. ஆட்டம் உங்களுக்கே தெரியும். ஒருத்தர் துண்டோட வெளியே சுத்தி ஓடணும், யாரோ ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி சத்தமில்லாம போடணும். அவங்க கண்டுபிடிச்சு எழுந்து துரத்துறதுக்குள்ள, காலியான இடத்துல உட்கார்ந்துடணும். பசங்க பாட்டே இல்லாம ஓடுனாங்க. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்ததுல துண்டைப் போடவே முடியலை. நாற்காலியில இருந்த அப்பாயிக்குப் பொறுக்கலை. "அப்படி இல்லடி!"ன்னு ஆரம்பிச்சாங்க பாருங்க, கேள்வி, பதில், முழுப் பாட்டும் வந்துடுச்சு! நடுவுல "கொலை இல்லடி, குலை. வாழைக்குலை மாதிரி"ன்னு திருத்தம் வேற.

அப்பதான் புரிஞ்சுது. ஓடுறவர் கேக்க, உட்கார்ந்திருக்கிறவங்க பதில் பாடணும். அந்தப் பதில்ல கவனம் போகும்போதுதான் துண்டு விழும். பாட்டுதான் அந்த ஆட்டத்தோட தந்திரமே. நான் ப்ரோகிராமை ஓட விடாம அவுட்புட் கேட்டிருக்கேன்.

இது பாவாணருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. தேவநேயப் பாவாணர் நம்ம திருச்சி பிஷப் ஹீபர் பள்ளியில தமிழாசிரியரா இருந்தவர். 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' புத்தகத்துல ஆட்டத்துக்கு எத்தனை பேர், என்ன கருவி, எந்த இடம், எப்படி ஆடணும்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருக்காரு. செக் நாட்டுலயும் 'பெஷெக்'னு ஒரு ஆட்டம் இருக்கு. அதே வட்டம், துண்டுக்குப் பதிலா கைக்குட்டை, அங்கயும் பாடிக்கிட்டேதான் சுத்தணும்.

இப்ப நீங்க கேக்கப்போற ரெக்கார்டிங்ல ஹாரன், பசங்க கத்துறது எல்லாம் இருக்கும். எதையும் வெட்டலை.

மறுநாள் காலையில அப்பாயிகிட்ட தனியா கேட்டுப் பாத்தேன். மறுபடியும் வரலை. ஆனா இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கலை. "சாயந்தரம் பசங்க வரட்டும்"னாங்க.