ஐந்து கேன் வேண்டாம், ஒன்று போதும்

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், இயந்திர வாடகை மையப் பொறுப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் அவர் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



நான் மெக்கானிக் இல்லை. எட்டாவது வரைக்கும் படிச்சவ. ஆனா நம்ம மையத்துச் சாவி மூணு வருஷமா என் இடுப்பில்தான் இருக்கு. அதனால இன்ஜின் ஆயில் பத்தி நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்காங்க. "இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்"னு யாரும் எழுந்து போயிடாதீங்க. மெஷின் வாங்கின கடன் நம்ம பேரில் இருக்கு. அப்போ ஆயிலும் நம்ம சமாச்சாரம்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிடறேன். போன வருஷம் ஒரு பௌர்ணமி. கிரிவலப் பாதையில் நம்ம குழு இட்லிக் கடை போட்டிருந்தது. சாயங்காலம் ஜெனரேட்டரில் ஆயில் குறைவா இருக்குன்னு பார்த்து, உதவிக்கு இருந்த பெண் மையத்திலிருந்து ஒரு பாட்டில் எடுத்து வந்து ஊற்றினாள். தண்ணி பாட்டில், மேலே சீட்டு கிடையாது. அதில் இருந்தது புல் வெட்டும் மெஷினுக்கு பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில். ராத்திரி பதினோரு மணிக்கு இன்ஜின் கரகரன்னு கத்தி ஜாம் ஆயிடுச்சு. விளக்கு போச்சு, கிரைண்டர் நின்னது, அரைச்சும் அரைக்காமலும் மாவு கிடந்தது. ரிப்பேருக்கு இரண்டு மாசத் தவணைப் பணம் போச்சு.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு அபராதம் போடணும்னு பேச்சு வந்தது. அவள் ஒண்ணும் பேசலை. அடுத்த வாரத்திலிருந்து மையத்துக்கு வரவும் இல்லை. அன்னைக்கு ராத்திரி நான் மையத்தைத் திறந்து பார்த்தேன். அஞ்சு கேன், மூணு பாட்டில். பாதிக்கு மேல் பேரே இல்லை. அந்தப் பெண் இல்லைன்னா நானே ஒரு நாள் மாத்தி ஊற்றியிருப்பேன். தப்பு அவள் கையில் இல்லை, நம்ம அலமாரியில் இருந்தது.

அதுக்கப்புறம்தான் கேட்டேன்: டீசலுக்கு ஒண்ணு, பெட்ரோலுக்கு ஒண்ணுன்னு இல்லாம, எல்லாத்துக்கும் ஒரே ஆயில் வைக்க முடியாதா? கடைக்காரர், மெக்கானிக், மெஷினோடு வந்த புத்தகம், மூணு பக்கமும் விசாரிச்சேன். முடியும். ஆனா மூணு விலக்கு இருக்கு. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

இது புதுசா கண்டுபிடிச்ச யோசனையும் இல்லை. அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே பெட்ரோல் லாரிக்கும் டீசல் டாங்கிக்கும் பொதுவான ஆயிலுக்கு ஒரு தர விதி வைத்தது. அவசரத்தில் எந்த டின் கைக்கு வந்தாலும் தப்பாகக் கூடாது இல்லையா! நம்ம பௌர்ணமிக் கடையும் அன்னைக்கு ஒரு போர்க்களம் மாதிரிதான் இருந்தது.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் என்ன வித்தியாசம்?

டீசல் எரியும்போது கரி நிறைய வரும். அந்தக் கரி ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக் கட்டியாகாம ஆயில் சுமந்து நிற்கணும். டீசலில் இருக்கிற கந்தகத்தால் அமிலமும் உண்டாகும். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க 10 பி.பி.எம். கந்தகம் உள்ள டீசல்தான் விற்கிறாங்க, அதனால் அந்தத் தொல்லை குறைஞ்சிருக்கு. கரித் தொல்லை குறையலை. ஆகவே டீசல் இன்ஜின் ஆயிலில் அழுக்கைக் கழுவுற மருந்து அதிகம் சேர்ப்பாங்க.

பெட்ரோல் ஜெனரேட்டரில் கரி கம்மி. ஆனா நம்மிடம் இருக்கிற மாதிரி சாதாரண ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடுது. ஆயில் ஒரு லிட்டர் அளவுதான் பிடிக்கும், பல சின்ன இன்ஜினில் ஃபில்டரும் கிடையாது. அந்தக் கொஞ்ச ஆயில் சூட்டைத் தாங்கணும்.

இப்போ கேனின் பின்பக்கம் பாருங்க. ஏ.பி.ஐ. என்று போட்டு, பக்கத்தில் எழுத்து இருக்கும். ஆங்கில "எஸ்" எழுத்தில் ஆரம்பித்தால் பெட்ரோலுக்கு. "சி" எழுத்தில் ஆரம்பித்தால் டீசலுக்கு. எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். எல்லாம் பெட்ரோல் தரம். சி.எஃப்.-4, சி.எச்.-4, சி.ஐ.-4 எல்லாம் டீசல் தரம். பின்னால் வருகிற எழுத்து தள்ளிப் போகப் போகப் புதிய தரம். சி.ஐ.-4 ஆயில், சி.எச்.-4 கேட்கிற இன்ஜினுக்கும் ஆகும். எஸ்.எல்., எஸ்.ஜே. கேட்கிற இன்ஜினுக்கும் ஆகும்.

நமக்கு வேண்டியது இரண்டு எழுத்தும் சேர்ந்திருக்கிற கேன். "சி.ஐ.-4 / எஸ்.எல்." என்று சாய்கோடு போட்டு இருக்கும். டீசல் எழுத்து முன்னால் இருந்தால் முக்கியமா டீசலுக்குச் செய்தது, பெட்ரோலுக்கும் தேர்வானது என்று அர்த்தம். "சி" மட்டும் இருக்கிறதை ஜெனரேட்டருக்கு ஊற்றாதீங்க. "எஸ்" மட்டும் இருக்கிறதை டில்லருக்கு ஊற்றவே கூடாது, கரி கட்டிக்கும்.

சாம்பார் இட்லிக்கும் ஆகும், சோத்துக்கும் ஆகும். அந்த மாதிரி ஆயில் இது. ஆனா சாம்பாரைப் பாயசத்தில் ஊற்ற முடியாது. அந்த விலக்குக்குப் பிறகு வர்றேன்.

15-40 என்றால் என்ன?

எழுத்து மட்டும் பார்த்தால் போதாது, எண்ணும் பார்க்கணும். 15 டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முதல் எண், குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. இரண்டாம் எண், இன்ஜின் 100 டிகிரி சூட்டில் இருக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம்ம ஊரில் மார்கழிப் பனியிலும் உறையுற குளிர் இல்லை. சித்திரை, வைகாசியில் மலையே தகிக்குது. அதனால் நமக்கு இரண்டாம் எண்தான் முக்கியம். நம்ம டில்லர், டீசல் பம்ப்செட் இரண்டின் புத்தகத்திலும் 15-40 இருக்கு.

ஜெனரேட்டர் புத்தகத்தில் பொதுவாக 10-30 சொல்லியிருப்பாங்க. ஆனா பக்கத்திலேயே வெப்பநிலைப் படம் ஒண்ணு போட்டிருப்பாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு 15-40 அந்தப் படத்தில் இருக்கான்னு பாருங்க. நம்ம ஜெனரேட்டருக்கு இருந்தது. உங்க மெஷினுக்கு இல்லைன்னா, வாதாடாதீங்க, அதுக்குத் தனி கேன் வாங்குங்க. புத்தகம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மூன்று விலக்கு

ஒன்று, 2டி மெஷின். புல் வெட்டுவது, சில மருந்து தெளிப்பான் எல்லாம் இந்த வகை. இதில் ஆயிலை பெட்ரோலோடு கலக்கணும். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. பொது ஆயிலை இதில் கலந்தால் புகையும், பிளக் அடைக்கும். 2டி ஆயிலை மற்ற இன்ஜினில் ஊற்றினால் என்ன ஆகும்னு நமக்கே தெரியும்.

இரண்டு, டூவீலர். கியர் வண்டியில் பெரும்பாலும் கிளட்ச் ஆயிலிலேயே நனைஞ்சிருக்கும். தப்பான ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கும். டூவீலருக்கு அதுக்குரிய 4டி ஆயில்தான்.

மூன்று, புது டீசல் வண்டி. 2020க்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 டீசல் கார், வேன் வைத்திருக்கிறவங்க, அதில் புகைக்கரி வடிகட்டி இருக்கான்னு பாருங்க. இருந்தால் சாம்பல் குறைவான தனி ஆயில் கேட்கும். நம்ம பொது ஆயில் அந்த வடிகட்டியை அடைச்சிடும்.

டில்லரின் கியர் பெட்டிக்கும் இந்த ஆயில் இல்லை. அது கியர் ஆயில். இன்ஜினுக்கு மட்டும்தான் நான் சொல்றது.

நாம் செய்ய வேண்டியது

லூஸ் ஆயில் வாங்காதீங்க. விலை குறைவா இருக்கும், எழுத்து இருக்காது. சீல் உடையாத 20 லிட்டர் பக்கெட் ஒண்ணு, குழு பேரில் பில்லோடு வாங்கினால் போதும்.

பழைய ஆயிலை இன்ஜின் சூடா இருக்கும்போது முழுக்க வடிச்சிட்டு புதுசு ஊற்றுங்க. இத்தனை நாள் மட்டமான ஆயிலில் ஓடின இன்ஜின் என்றால், உள்ளே இருக்கிற அழுக்கையெல்லாம் புது ஆயில் கழுவி எடுக்கும். அதனால் முதல் தடவை ஊற்றினதைச் சீக்கிரம் மாத்திடுங்க.

டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரமே கறுத்துப் போகும். பயப்படாதீங்க, கரியைச் சுமக்குதுன்னு அர்த்தம். நிறத்தைப் பார்த்து மாத்தாதீங்க, மணிக் கணக்கு பார்த்து மாத்துங்க. பல சின்ன பெட்ரோல் இன்ஜினில் புதுசில் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்வாங்க. ஒரு பௌர்ணமிக்கு 12 மணி நேரம் ஓடினால் எட்டு பௌர்ணமியில் 96 மணி ஆயிடும். நம்ம கடன் நோட்டு மாதிரியே ஒரு மணி நோட்டும் போடணும்.

வடிச்ச ஆயிலை வாய்க்காலில், கிணத்து ஓரத்தில் ஊற்றாதீங்க. அடுப்பு பத்தவைக்கவும் கூடாது. கேனில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆளுக்குக் கொடுக்கணும்.

இப்போ நம்ம மையத்தில் பெரிய பக்கெட் ஒண்ணு, மேலே பச்சைப் பட்டை. 2டி ஆயில் சின்ன டப்பா, சிவப்புப் பட்டை, வேற அலமாரியில், பூட்டி. எந்த மெஷினுக்கு எதுன்னு சுவரில் தமிழில் எழுதியிருக்கு. எழுதினது யார் தெரியுமா? அந்தப் பெண்தான். நானும் ஊக்குநர் அக்காவும் அவ வீட்டுக்குப் போய், "அபராதம் உனக்கில்லடி, அலமாரிக்குத்தான்"னு சொல்லிக் கூட்டி வந்தோம். மணி நோட்டு இப்போ அவ கையில்தான் இருக்கு. அதோ, கடைசி வரிசையில் தலையைக் குனிஞ்சு சிரிக்கிறா பாருங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் ஊருக்குப் போனதும் உங்க மெஷின் புத்தகத்தைத் தேடி எடுங்க. பேரில்லாத பாட்டிலைத் தூக்கி ஓரமா வையுங்க. எந்த மெஷினுக்கு என்ன ஆயில் என்பதை அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மெஷின் கெட்டால் பணத்தை அடைச்சிடலாம். ஒரு பெண் மனசு உடைஞ்சு குழுவை விட்டுப் போனால், அதை எந்தத் தவணையில் அடைக்கிறது?