ஒரு பெயர், இரு பணிகள்

இலங்கையிலே களுகங்கை என்னும் பெயருடைய ஆறுகள் இரண்டு உள. ஒன்று சிவனொளிபாத மலைச் சாரலில் தோன்றிக் களுத்துறையிற் கடலோடு கலப்பது. மற்றையது மாத்தளை மாவட்டத்து லக்கலப் பகுதியில் ஓடி, அம்பன் கங்கையிற் சேர்வது. லக்கலயில் நின்று "களுகங்கை பெருகுகின்றது" என்றால் எவர்க்கும் ஐயம் எழாது. நாடு முழுவதற்குமான அறிவித்தலில் அவ்வாறே சொன்னால், எவ்வூர் மக்கள் மேட்டுநிலம் நாடுவது?

கணினிச் செய்நிரல் எழுதுவோர்க்கும் இச்சிக்கல் உண்டு. பாடசாலையொன்றிற் புள்ளிகளைக் கணிக்க ஒருவர் ஒரு கோப்பும், வரவு நாள்களைக் கணிக்க இன்னொருவர் வேறொரு கோப்பும் எழுதுகின்றனர் என்க. இருவரும் தத்தம் சார்புக்கு 'மொத்தம்' என்றே பெயரிடுகின்றனர். தனித்தனியே இரண்டும் செவ்வனே இயங்கும். ஒரே செய்நிரலில் உள்ளடக்கும்போதே மோதல் பிறக்கும். பீ.எச்.பீ. மொழி, ஒரு பெயரை இருமுறை அறிவித்தல் ஆகாதென்று கூறி அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ, ஒரே பக்கத்திற் சேர்த்த சாதாரண கோப்புகளுள் பின்வந்த சார்பையே ஏற்று, முன்னையதை ஓசையின்றிக் கைவிடும். நின்றுவிடுவது தொல்லையே, ஆயினும் நில்லாமல் ஓடுவதே பேராபத்து. மாணவன் ஒருவனின் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் எண் அமர்ந்திருக்க, அதனை நம்பி நாம் தேர்ச்சி அறிக்கையிற் கையொப்பமிடுவோம்.

பரிகாரம் யாது? மோதல் எவ்வகையது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். ஒரே கோப்பு இருமுறை உள்ளடக்கப்பட்டதாயின், பீ.எச்.பீ.யில் 'ரிக்குவயர் வன்ஸ்' என்னும் கட்டளை போதும். அது ஒரு கோப்பை ஒருமுறைக்கு மேல் ஏற்காது. வெவ்வேறு கோப்புகளாயின் அக்கட்டளை உதவாது. அங்கே 'புள்ளி_மொத்தம்', 'வரவு_மொத்தம்' என முன்னொட்டு இடுதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு வெளிவந்த 5.3ஆம் பதிப்பு முதல், பெயர்வெளி என்னும் வசதியும் பீ.எச்.பீ.யில் உண்டு, அதனுள் ஒவ்வொரு கோப்பும் தன் பெயர்களைத் தனித்துக் காக்கலாம். "இப்பெயர் முன்னரே உளதாயின் என்னுடையதை விட்டுவிடுக" என்று எழுதுவாரும் உளர். பிழைச்செய்தி மறையும், பிழை மறையாது.

மாணவர் இடாப்பில் ஒரே பெயருடைய இருவர் இருப்பின், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு வேறுபடுத்துகின்றோம். பிள்ளை சேரும் நாளிலேயே அதனைச் செய்கின்றோம். பரீட்சைப் பெறுபேறு மாறிய பின்னர் அன்று. செய்நிரல் எழுதுவோரும் முதல் நாளிலேயே அவ்வாறு செய்வாராக.